பி.எஸ்.ஏ. கோல்டு ஸ்டார் டிபிடி34: பழைய ரேஸ் பைக்கை வீட்டிலேயே மீட்டெடுக்க முழுமையான வழிகாட்டி

பி.எஸ்.ஏ. என்றதும் நம்மில் பலருக்கு அம்பத்தூரில் செய்த சைக்கிள்தான் நினைவுக்கு வரும். அந்தப் பெயர் கிளம்பிய இடம் இங்கிலாந்தின் பர்மிங்காம், ஸ்மால் ஹீத் பகுதியில் துப்பாக்கி செய்துகொண்டிருந்த ஒரு தொழிற்சாலை. அவர்கள் செய்த மோட்டார் சைக்கிள்களில் எனக்குத் தலையாயது கோல்டு ஸ்டார். 1937 ஜூன் 30 அன்று வால் ஹேண்ட்லி, புரூக்லாண்ட்ஸ் பந்தயத் தளத்தில் பி.எஸ்.ஏ. எம்பயர் ஸ்டாரை மணிக்கு 107 மைலுக்கும் மேலான வேகத்தில் ஒரு சுற்று ஓட்டினார். பந்தயத்தில் 100 மைலைத் தாண்டிச் சுற்றுபவர்களுக்கு அங்கே ஒரு சின்னத் தங்க நட்சத்திரம் கொடுப்பார்கள், அடுத்த ஆண்டு வந்த மாடலுக்கு அதையே பெயராக வைத்துவிட்டார்கள்.

இந்த வழிகாட்டி அந்த வரிசையின் கடைசி 500 சிசி மாடலான டிபிடி34 பற்றியது. 1956 முதல் 1963 வரை வந்தது, 85 மிமீ போர், 88 மிமீ ஸ்ட்ரோக், 499 சிசி ஒற்றை சிலிண்டர், கிளப்மன் (கிளப் பந்தயக்காரர்களுக்கான) ரேஸ் அமைப்பில் 7000 ஆர்பிஎம்மில் ஏறத்தாழ 40 குதிரைத்திறன். மேன் தீவில் நடந்த 1956 கிளப்மன் டிடி பந்தயங்களில் ஜூனியர், சீனியர் இரண்டையும் பெர்னார்ட் காட் கோல்டு ஸ்டாரில்தான் வென்றார். அக்காலத்து மற்ற ரேஸ் பைக்குகளான மேங்க்ஸ் நார்ட்டனையோ ஏ.ஜே.எஸ். 7ஆர்-ஐயோ விட இதை வீட்டில் செய்வது எளிது. மேல் கேம்ஷாஃப்ட் இல்லை, புஷ்ராட்தான். கிராங்க்கேஸ் அலுமினியம், மெக்னீசியம் இல்லை. பாகங்கள் இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரோட்டில் ஓடிய பைக்கும் ரேஸில் ஓடிய பைக்கும் ஒரே மாதிரி பழையதாவதில்லை. ரோடு பைக் துருப்பிடிக்கும், தேயும். ரேஸ் பைக்கில் உலோகம் களைத்துப்போயிருக்கும், அது கண்ணுக்குத் தெரியாது. அதனால் உங்கள் பணத்தில் பெரும்பங்கு வெளியே தெரியாத இடங்களில்தான் போக வேண்டும். பெயின்ட், குரோம் எல்லாம் கடைசி வரிசை.

வாங்கும்போதே எண்களைப் படியுங்கள்

கோல்டு ஸ்டாருக்கு விலை ஏறியதிலிருந்து போலிகளும் பெருகிவிட்டன. பி31, பி33 என்ற சாதாரண மாடல்களின் ஃபிரேமில் கோல்டு ஸ்டார் எஞ்சினையும் டேங்க்கையும் மாட்டி விற்பார்கள். எஞ்சின் எண் டிபிடி34ஜிஎஸ் என்று தொடங்க வேண்டும், ஃபிரேம் எண் சிபி32 என்று தொடங்க வேண்டும். எஞ்சின் எண்ணும் ஃபிரேம் எண்ணும் தொழிற்சாலையிலிருந்து வரும்போதே வேறுவேறுதான், எனவே இரண்டும் பொருந்தவில்லையே என்று பயப்படாதீர்கள், பொருந்தினால்தான் யோசிக்க வேண்டும்.

எண்ணைத் தட்டி மாற்றிவிடலாம், குழாயை மாற்றுவது கடினம். ஆகவே தரையில் படுத்து எஞ்சினுக்கு அடியில் வலது பக்கக் கீழ்க் குழாயைப் பாருங்கள். எண்ணெய் பம்ப்புக்கு இடம் விட்டு அந்தக் குழாய் ஓரிடத்தில் வளைந்து செல்லும், விரலால் தடவினாலே தெரியும். பி31, பி33 ஃபிரேமில் அது நேராகப் போகும், தவிர அவற்றில் சைடுகார் மாட்டுவதற்கான காதுகளும் இருக்கும். காதுகளை அறுத்துத் தேய்த்த தழும்பு தெரிந்தாலும் அதே சந்தேகம்தான். கியர்பாக்ஸின் மேல்பக்கத்தில் குத்தியிருக்கும் எழுத்துகளையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆர்ஆர்டி2 என்றிருந்தால் ஊசி ரோலர் பேரிங் வைத்த நெருக்க விகித ரேஸ் கியர்பாக்ஸ், அது தனியாகவே நல்ல விலை போகும். எண்களையெல்லாம் எழுதி கோல்டு ஸ்டார் ஓனர்ஸ் கிளப்புக்கோ பி.எஸ்.ஏ. ஓனர்ஸ் கிளப்புக்கோ அனுப்பிக் கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள்.

எந்த ஆண்டுக்குத் திரும்பப் போகிறீர்கள்?

இதைத் தீர்மானிக்காமல் ஸ்பேனரைத் தொடாதீர்கள். ரேஸ் பைக் ஒவ்வொரு சீசனிலும் மாறிக்கொண்டே இருந்திருக்கும். முன் பிரேக்கை மாற்றியிருப்பார்கள், அலுமினிய லைட்டா டேங்க் போட்டிருப்பார்கள், எடை குறைக்க பிராக்கெட்டுகளில் துளை போட்டிருப்பார்கள், போல்ட் தலைகளில் லாக் ஒயர் கட்ட நுண்துளைகள் இருக்கும். ஷோரூமிலிருந்து வந்த நாளுக்கே கொண்டுபோவதா, இல்லை ஒரு குறிப்பிட்ட ரேஸ் சீசனில் இருந்தபடி வைப்பதா? என் கட்சி இரண்டாவது. பழைய புகைப்படமோ ரேஸ் அனுமதிச் சீட்டோ ஆதாரமாகக் கிடைத்தால் அந்தத் துளைகளை வெல்டிங் வைத்து மூடாதீர்கள், அவைதான் அந்த வண்டியின் சரித்திரம். ஆனால் துளை போட்ட பாகம் பிரேக்கையோ அச்சையோ தாங்குவதாக இருந்தால் அதை எடுத்துப் பத்திரப்படுத்திவிட்டு, ஓட்டுவதற்குப் புதிய பாகம் போடுங்கள்.

பிரிப்பதற்கு முன்னும் பிரிக்கும்போதும்

எஞ்சின் இறுகியிருந்தால் கிக்கரில் ஏறி மிதிக்காதீர்கள். பிளக்கைக் கழற்றி ஊடுருவும் எண்ணெயை உள்ளே விட்டு நாள் கணக்கில் விட்டுவிடுங்கள். அதற்குள் வண்டியைச் சுற்றிப் படம் எடுங்கள், கேபிள் எந்தப் பக்கம் போகிறது, வாஷர் எங்கே இருக்கிறது என்று ஒவ்வொரு மூலையிலும். சக்கரத்தின் ரிம் ஹப்பிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதை ஸ்போக்கை வெட்டுவதற்கு முன் அளந்து எழுதுங்கள், பிறகு அளக்க வழியே இல்லை.

மெட்ரிக் ஸ்பேனர் இதில் உட்காராது. பழைய பிரிட்டிஷ் அளவுகளான விட்வர்த், பிஎஸ்எஃப் ஸ்பேனர் செட் ஒன்று நல்லதாக வாங்குங்கள். மரைகளிலும் பல வகை: அலுமினியத்துக்குள் போகும் ஸ்டட்களில் பெரும்பாலும் விட்வர்த், மற்ற இடங்களில் அங்குலத்துக்கு 26 மரை கொண்ட சைக்கிள் மரை, பொறிக்கான மின்சாரம் தரும் மேக்னட்டோவில் பிஏ என்ற சின்ன மரை. ஒன்றின் நட்டு இன்னொன்றில் இரண்டு சுற்று ஏறும், மூன்றாவதில் மரையைத் தின்றுவிடும். மரை அளக்கும் கேஜ் இல்லாமல் எதையும் முறுக்காதீர்கள்.

கழற்றுகிற ஒவ்வொரு பகுதியையும் தனித்தனிப் பையில் போட்டு, பெயர் எழுதி வையுங்கள். தேய்ந்த பாகத்தையும் தூக்கிப் போடாதீர்கள், புதிதாக வாங்கியது சரியான அளவுதானா என்று பார்க்க அதுதான் மாதிரி.

கீழ்ப்பகுதி: இங்கே கஞ்சத்தனம் வேண்டாம்

கிராங்க்கேஸைப் பிரிக்க உளியை நடுவில் செருகாதீர்கள். கேஸை 100 முதல் 120 டிகிரி வரை சூடாக்கினால் பேரிங் தானாக இறங்கும். ஒரு துளி தண்ணீர் விட்டால் சுர்ரென்று துள்ள வேண்டும், அதுதான் பதம். சமையலறை ஓவனில் வைப்பதாக இருந்தால் முதலில் எண்ணெய்ப் பிசுக்கு முழுவதையும் கழுவுங்கள், இல்லையென்றால் வீடு முழுக்க வாடை.

கேஸைப் பளபளப்பாக்க மணல் வீசவோ கண்ணாடித் துகள் வீசவோ கொடுத்தால் எண்ணெய்த் துவாரங்கள் அத்தனையையும் அடைத்துவிட்டுக் கொடுங்கள். துவாரத்துக்குள் தங்கிய ஒரு சிட்டிகைத் துகள் போதும், புது பிக் எண்ட் பேரிங் (கனெக்டிங் ராட்டின் கீழ் முனையில் இருப்பது) சீக்கிரமே போய்விடும். நான் துகள் வீசுவதையே தவிர்ப்பேன். மண்ணெண்ணெய், பிரஷ், சூடான சோப்புத் தண்ணீர், பொறுமை, இவ்வளவுதான்.

கிராங்க் என்பது இரண்டு ஃபிளைவீல், நடுவில் ஒரு கிராங்க்பின், இரு பக்கமும் பெரிய நட்டு. ரேஸ் ஓடிய எஞ்சினில் கனெக்டிங் ராட், கிராங்க்பின், பிக் எண்ட் மூன்றையும் புதிதாகவே போடுங்கள். ராட் பார்க்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் எத்தனை தடவை 7000-ஐத் தாண்டி இழுத்தார்கள் என்று யாருக்குத் தெரியும்? அது ஒடிந்தால் கிராங்க்கேஸையும் கிழித்துக்கொண்டு போகும். ஃபிளைவீலின் பின் துளைகள், மெயின்ஷாஃப்ட்டின் கழுத்து ஆகியவற்றைக் காந்தத் துகள் முறையில் விரிசல் சோதனைக்குக் கொடுங்கள்.

பொருத்தியபின் நேர்பார்ப்பதுதான் நுட்பமான வேலை. கிராங்க்கை லேத்தின் இரு முனைகளுக்கு நடுவில் ஏற்றி, ஒவ்வொரு ஷாஃப்ட்டிலும் டயல் கேஜை வைத்து மெதுவாகச் சுற்ற வேண்டும். முள் எங்கே உச்சத்துக்குப் போகிறதோ அந்த இடத்தில் ஃபிளைவீல் விளிம்பில் சாக்பீஸால் கோடு போட்டு, கிராங்க்கைக் கீழே இறக்கி, செம்புச் சுத்தியலால் ஒரே அடி. மறுபடி ஏற்றிச் சுற்றிப் பார்க்க வேண்டும். ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஓரிரு பங்குக்குள் வரும்வரை இதேதான். அடியின் கனம் கைக்குப் பிடிபட நேரமாகும், முள் இரண்டு பக்கமும் ஏறக்குறைய அசையாமல் நிற்கும்போது வரும் திருப்தி இந்த முழு வேலையிலும் வேறெங்கும் கிடைக்காது. லேத் இல்லாதவர்கள் இதை நல்ல பட்டறைக்குக் கொடுத்துவிடலாம், அதில் எந்தக் குறைச்சலும் இல்லை.

பழைய ரேஸ் எஞ்சின் என்றால் ஆமணக்கு எண்ணெயில் ஓடியிருக்கும். அது காய்ந்தால் பிசினாகிக் குழாய்களையே அடைத்துவிடும். எண்ணெய் டேங்க், குழாய், பம்ப், பம்ப்புக்குக் கீழே உள்ள சின்னக் குண்டு வால்வு எல்லாவற்றையும் கழற்றிக் கரைத்து எடுங்கள். ஆமணக்கு எண்ணெயையும் கனிம எண்ணெயையும் ஒருபோதும் கலக்கக் கூடாது. நிறுத்தி வைத்தால் டேங்க் எண்ணெய் கிராங்க்கேஸுக்குள் இறங்கிவிடும் பழக்கம் பி.எஸ்.ஏ.வுக்கு உண்டு.

சிலிண்டர், ஹெட்

அலுமினிய பேரல், உள்ளே இரும்பு லைனர். லைனர் பேரலில் அசைகிறதா என்று முதலில் பாருங்கள். போரிங் செய்வதானால் பிஸ்டனைக் கையில் வாங்கியபின் செய்யுங்கள். இடைவெளியை பிஸ்டன் செய்தவர் சொன்ன அளவுக்கே வைக்க வேண்டும், வார்த்த பிஸ்டனுக்கும் அடித்துச் செய்த பிஸ்டனுக்கும் அது வேறுபடும். ரிங் இடைவெளிக்குப் பழைய கணக்கு, ஓர் அங்குல போருக்கு அங்குலத்தின் ஆயிரத்தில் நான்கு பங்கு. 85 மிமீ போருக்கு ஆயிரத்தில் 13 அங்குலம் வரும்.

வால்வு இரண்டும் புதிது, ஸ்பிரிங் புதிது, காலர் புதிது. இதில் விவாதமே இல்லை. கைடு மாற்றும்போது ஹெட்டைச் சூடாக்கியே தட்டுங்கள். டேப்பெட் இடைவெளியைச் சரிசெய்ய இதில் திருகு கிடையாது. ராக்கரின் அச்சே மையம் விலகியது, அதைத் திருப்பினால் ராக்கர் ஏறி இறங்கும். எந்தப் பக்கம் திருப்புகிறீர்கள் என்பதைப் பொறுத்து ராக்கர் முனை வால்வின் தலையில் உட்காரும் இடமும் சிறிது நகரும், எனவே தலையின் நடுவில் படுகிறதா என்று மார்க்கர் மை தடவிப் பாருங்கள்.

கேம்களில் பல வகை உண்டு. உங்கள் கேமின் மேல் உள்ள எண்ணைப் படித்து, அதற்குரிய டைமிங்கை டிகிரித் தட்டு வைத்துச் சரிபாருங்கள், கியரில் உள்ள புள்ளியை மட்டும் நம்ப வேண்டாம். வால்வுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே எவ்வளவு இடம் இருக்கிறது என்று பிஸ்டன் தலையில் களிமண் வைத்து இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்ப்பதையும் விடாதீர்கள்.

மேக்னட்டோ

குளிரில் நன்றாக ஸ்டார்ட் ஆகிறது, சூடேறியதும் அணைந்துவிடுகிறது என்றால் கார்புரேட்டரைத் திட்டாதீர்கள். லூகாஸ் மேக்டைனோவில் (மேக்னட்டோவும் டைனமோவும் சேர்ந்தது) கண்டென்சர் சுழலும் ஆர்மேச்சருக்கு உள்ளேயே இருக்கிறது. வயதானபின் சூட்டில் அது கசியத் தொடங்கும், பழைய ஷெல்லாக் பூச்சும் உருகி உள்ளே ஒட்டிக்கொள்ளும்.

ஆர்மேச்சரை உருவுவதற்கு முன் மூன்றைக் கழற்ற வேண்டும்: கரண்ட் எடுக்கும் பிக்கப், எர்த் கார்பன் பிரஷ், பாதுகாப்புப் பொறி இடைவெளிக்கான சின்னத் திருகு. இதில் எது உள்ளே இருந்தாலும் ஸ்லிப் ரிங் உடையும். பேரிங்கின் வெளி வளையத்தைச் சுற்றி மெல்லிய காப்புக் காகிதம் இருக்கும், குப்பை என்று எறிந்துவிடாதீர்கள். சுருள் சுற்றுவதையும் கண்டென்சர் மாற்றுவதையும் மறுபடி காந்தம் ஏற்றுவதையும் இதையே தொழிலாகச் செய்பவரிடம் கொடுங்கள்.

டைமிங் வைப்பது உங்கள் வேலை. பாயிண்ட் இடைவெளி ஆயிரத்தில் 12 அங்குலம். கைப்பிடியில் உள்ள லீவரை முழு அட்வான்ஸில் (பொறி முன்கூட்டியே வரும் நிலையில்) வைத்து, கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கில் பிஸ்டனைத் தொழிற்சாலைக் கையேடு உங்கள் மாடலுக்குச் சொல்லும் இடத்துக்குக் கொண்டுவாருங்கள். பாயிண்ட் நடுவே சிகரெட் பேப்பர் ஒன்றை வைத்து மெல்ல இழுத்துப் பிடித்தால், அது விடுபடும் கணம்தான் பொறி. பிறகு பினியன் நட்டை இறுக்குங்கள், இறுக்கும்போதே டைமிங் நகரும், ஆகவே மறுபடி பாருங்கள்.

கார்புரேட்டர்

அமல் ஜிபி, ஒன்றரை அங்குலம். ஊசி நடுவில் நிற்காமல் பக்கத்து அறையில் நிற்கும், அதனால் முழுத் திறப்பில் காற்றுக்கு எந்தத் தடையும் இல்லை. முழு வேகத்துக்கென்று செய்தது, சிக்னலில் நின்று மெதுவாக ஓட அல்ல. ஐட்லிங் வரவில்லை என்று அதை நோண்டிக்கொண்டே இருக்காதீர்கள். மிதவை அறை தனியாகத் தொங்குகிறது, அதன் உயரம்தான் பெட்ரோல் மட்டம். ஒரு கண்ணாடிக் குழாயை இணைத்து மட்டத்தைப் பார்த்தபிறகுதான் ஜெட்டைத் தொட வேண்டும். ஸ்லைடு தேய்ந்து ஆடினால் வேறு என்ன செய்தாலும் ட்யூனிங் நிற்காது. பெரும்பாலும் ரோட்டில்தான் ஓட்டப் போகிறீர்கள் என்றால் சாதாரண அமல் ஒன்றை மாட்டிவிட்டு ஜிபியை அலமாரியில் வையுங்கள், தப்பே இல்லை.

இன்றைய பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. பிரிட்டனில் 2021 செப்டம்பரிலிருந்து சாதாரண பெட்ரோலே இ10 (பத்து சதவீதம் வரை எத்தனால்), இந்தியாவில் இ20 வரை வந்துவிட்டது. பழைய ரப்பர் குழாய், கார்க் வாஷர், ஃபைபர் டேங்க், டேங்க்குக்குள் ஊற்றும் சில பூச்சுகள் எல்லாம் அதில் கெட்டுப்போகும். எத்தனாலைத் தாங்கும் குழாய் போடுங்கள், மாதக் கணக்கில் நிறுத்துவதானால் டேங்க்கையும் மிதவை அறையையும் வடித்துவிடுங்கள்.

கியர்பாக்ஸ், ஃபிரேம், ஃபோர்க்

கியர் பற்களின் முனை மழுங்கியிருக்கிறதா, ஸ்லீவ் கியர் புஷ் ஆடுகிறதா, கிளட்ச் கூடையில் பிளேட் காதுகள் வெட்டிய பள்ளம் இருக்கிறதா, இவ்வளவுதான் கியர்பாக்ஸில் பார்க்க வேண்டியது. பள்ளம் லேசாக இருந்தால் ராவி விடலாம்.

ஃபிரேமில் வெற்று உலோகம் தெரியும்வரை பெயின்டை எடுங்கள், பிறகு சாயம் ஊடுருவும் முறையில் விரிசல் பாருங்கள். குறிப்பாக ஸ்டீயரிங் கழுத்தைச் சுற்றி, ஸ்விங் ஆர்ம் பிவட்டைச் சுற்றி, எஞ்சின் தாங்கும் தகடுகளில். கீழே விழுந்த ரேஸ் பைக்கில் கழுத்து பின்னால் மடிந்திருக்கும், அதை ஜிக்கில் வைத்துத்தான் அளக்க முடியும். ஃபோர்க் குழாயைத் தடித்த கண்ணாடியின் மேல் உருட்டுங்கள், அடியில் வெளிச்சம் வந்து வந்து மறைந்தால் வளைந்திருக்கிறது. வளைந்ததை நிமிர்த்தாதீர்கள், மாற்றுங்கள்.

சக்கரமும் பிரேக்கும்

பழைய பிரேக் லைனிங் ஆஸ்பெஸ்டாஸ் என்றே வைத்துக்கொள்ளுங்கள். காற்றடித்துத் தூசியை ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடைத்துப் பையில் கட்டுங்கள், முகமூடி கட்டாயம். ஸ்போக் கட்டி இறுக்கியபிறகுதான் ட்ரம்மை லேத்தில் பிடிக்க வேண்டும், ஸ்போக்கின் இழுப்பில் ட்ரம் சற்றே வடிவம் மாறும். புது லைனிங்கை ட்ரம் அளவுக்குக் கடைந்து போட்டால் 190 மிமீ முன் பிரேக் உண்மையிலேயே நன்றாகப் பிடிக்கும். டயரில் கட்டை நிறைய இருந்தாலும் பழையதென்றால் தூக்கிப் போடுங்கள்.

பெயின்டுக்கு முன் ஒரு முறை முழுதாகக் கட்டுங்கள்

எல்லாவற்றையும் பெயின்ட் இல்லாமலே ஒரு முறை பொருத்திப் பாருங்கள். புதிதாகச் செய்த மட்கார்டு, எக்ஸாஸ்ட் பைப், ஃபுட்ரெஸ்ட் எதுவும் சொன்னபடி உட்காராது, துளையை ராவ வேண்டியிருக்கும், செயின் வரிசை தவறும். இதையெல்லாம் பெயின்டுக்குப் பிறகு செய்தால் பெயின்ட் வீண்.

ஃபிரேம் கறுப்பு, டேங்க் குரோமும் வெள்ளியும், பக்கத்தில் வட்டமான சிவப்பு நட்சத்திரச் சின்னம். பவுடர் கோட்டிங் நீடிக்கும், ஆனால் தடிமனாக இருப்பதால் விரிசலை மறைக்கும். ரேஸ் ஃபிரேமுக்கு நல்ல எனாமல் பெயின்டே சிறந்தது என்பது என் கருத்து.

முதல் ஸ்டார்ட்

பிளக்கைக் கழற்றிவிட்டு, டேங்க்கில் எண்ணெய் ஊற்றி, திரும்பி வரும் குழாயில் எண்ணெய் விட்டுவிட்டு வருவதைக் கண்ணால் பார்க்கும்வரை எஞ்சினைச் சுற்றுங்கள். அது வராமல் பொறியைக் காட்டவே கூடாது.

அப்புறம் பிளக்கைப் போட்டு, லீவரைப் பின்னுக்கு இழுத்து ரிடார்ட் செய்து (பொறியைத் தாமதப்படுத்தி), மிதவையை லேசாகத் தட்டி நிரப்பி, கம்ப்ரஷனைத் தாண்டும் இடத்துக்கு மெதுவாகக் கொண்டுவந்து, முழு நீளத்துக்கு ஒரே மிதி. ரிடார்ட் செய்ய மறந்தால் கிக்கர் திருப்பி அடிக்கும், கணுக்கால் உடைந்தவர்கள் உண்டு, தடித்த பூட்ஸ் போடுங்கள். ஸ்டார்ட் ஆனதும் மறுபடி எண்ணெய் திரும்புவதைப் பாருங்கள். முழுதாக ஆறியபிறகு ஹெட் நட்டுகளை மீண்டும் இறுக்கி, டேப்பெட்டைச் சரிபாருங்கள்.

ஆர்ஆர்டி2 கியர்பாக்ஸ் என்றால் முதல் கியரே மிக உயரம், மணிக்கு 30 மைல் வரை கிளட்ச்சை நழுவவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். கிளட்ச் பழுதில்லை, அது அப்படித்தான். மேட்டில் நின்று கிளம்புவதைத் தவிர்த்தால் பிளேட் நாள்படும்.

முதல் 100 மைல் ஓடியதும் எண்ணெயைச் சூடாக இருக்கும்போதே வடித்து, வெள்ளைத் துணியில் ஊற்றி வெயிலில் பாருங்கள். சாம்பல் நிறச் சேறு புது ரிங் உட்காருவதால் வருவது, அது பரவாயில்லை. பளபளக்கும் வெள்ளித் தகடுகள் தெரிந்து, காந்தத்திலும் ஒட்டினால், மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள். பிக் எண்ட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த மைல்.